மூணாம் ஓலை அண்ணாச்சி

தூத்துக்குடியில் யார் யாருக்கு என்ன முறை என்பது முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர் எங்கள் ஆபீஸ் மூணாம் ஓலை அண்ணாச்சி. இருவருக்கும் நடுவில் கருத்து வேற்றுமை வந்தால் கடற்கரைத் தெருக்காரர்கள் அண்ணாச்சி பக்கம்தான் நிற்பார்கள். கடவுளிடம் எழுத்தில் ஒன்றும் கிடையாது. அண்ணாச்சியிடம் மூன்று தகரப் பெட்டி நிறையக் காகிதம் இருந்தது.

நான் ஏரல்காரன். துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் நாள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. எதிர் மேஜையிலிருந்து, அரைக்கைச் சட்டையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த வீடு?"

"மேல பஜார் பக்கத்துல ரூம் எடுத்திருக்கேன் அண்ணாச்சி."

"அதைக் கேக்கல்லடே. உங்க அப்பா வீடு, தாத்தா வீடு?"

"ஏரல். தாத்தா கருப்பட்டிக் கடை வச்சிருந்தாவ."

அவர் முகம் வாடிப்போனது. "ஏரலா? அது ஆத்துத் தண்ணிலா. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் உப்புத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்துகொண்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் என் தாத்தா எந்தத் தோணியில் கொழும்புக்குக் கருப்பட்டி ஏற்றினார், அந்தத் தோணியை ஓட்டிய தண்டல் யார், அந்தத் தண்டலுக்கும் என் தாத்தாவுக்கும் ஒரு தீபாவளிக்கு என்ன சண்டை வந்தது என்பது வரை சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அப்பா போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதெல்லாம் அந்த ஆளுக்கு யாருலே சொன்னா?" என்று பயந்த குரலில் கேட்டார்.

கடற்கரைக்காரர்களுக்கு இப்படி ஒருவர் தேவைப்பட்டதில் அதிசயம் இல்லை. போர்ச்சுக்கீசியன் வந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது கூடவே பெயரையும் கொடுத்துவிட்டுப் போனான். கொடுத்தவன் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். ஒரு கைப்பிடிப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கடற்கரையே காலம் தள்ளுகிறது. ஒரே தெருவில் நாலு அந்தோனி பர்னாந்து இருப்பார்கள். தபால்காரர் ஒருவர் இதனாலேயே மாற்றல் கேட்டுக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். எனவே ஆளை அடையாளம் காட்டுவது வீட்டுப் பட்டப்பெயர்தான். தாத்தாவுக்குத் தாத்தா கடலில் விட்ட நங்கூரத்தை மூன்று நாள் தேடி எடுத்துவந்ததால் நங்கூர வீடு. கொழும்பிலிருந்து முதன்முதலில் பீங்கான் தட்டு கொண்டுவந்து, அதில் யாருக்கும் சோறு போடாமல் சுவரில் மாட்டிவைத்ததால் பீங்கான் வீடு. கோபக்காரி வீடு என்று ஒன்று உண்டு. அந்தக் கோபக்காரி செத்து எண்பது வருஷம் ஆகியும் அந்த வீட்டில் பெண் எடுக்க இன்றும் ஆட்கள் யோசிக்கிறார்கள். எல்லா வீட்டுக் கதையும் அண்ணாச்சியிடம் இருந்தது, ரத்தான ஷிப்பிங் காகிதங்களின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை ஊரறிய வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதில் விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். மற்ற ஊர்களில் அது ஒரு சம்பிரதாயக் கேள்வி. யாரும் பதில் சொல்வதில்லை. எங்கள் அண்ணாச்சி அதைத் தன்னிடம் நேரடியாகக் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

முதல் ஓலையன்று பெயர்களைக் காதில் வாங்கிக்கொள்வார். இரண்டாம் ஓலைக்குள் பெட்டியைத் திறந்து நாலு தலைமுறை கீழே இறங்கிவிடுவார். மூன்றாம் ஓலையன்று இரண்டாவது வரிசையில், பெண் வீட்டார் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் தொண்டையைச் செருமினால் இரண்டு குடும்பமும் ஜெபமாலையைத் தேடும். நாற்பது வருஷத்தில் அவர் எழுந்து நின்றது என்னவோ இரண்டே தடவைதான். ஒரு தடவை, மாப்பிள்ளை பெண்ணுக்குச் சித்தப்பா முறை. இன்னொரு தடவை, மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். இது முறை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, பெட்டியைக் கிளறும்போது கூடவே அகப்பட்டது.

இரண்டே தடவைக்கு ஊரே நடுங்கியது. கல்யாணம் பேசுவதற்கு முன்பே ஆபீசுக்கு வந்துவிடுவார்கள். கையில் அரைக் கிலோ மக்ரூன் இருக்கும். தூத்துக்குடியில் லஞ்சம் என்றால் மக்ரூன்தான். அண்ணாச்சி டப்பாவைத் திறந்து, முதல் மக்ரூனை வாயில் போட்டு, அது கரைகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு, "மக்ரூன் நல்லாருக்கு. கல்யாணம் சரிப்படாது" என்பார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

இத்தனையும் எங்கிருந்து திரட்டினார் என்று கேட்கிறீர்களா? முக்கால்வாசி துட்டி வீடுகளில்தான். வேம்பாறிலிருந்து மணப்பாடு வரை கடற்கரையில் எங்கே சாவு விழுந்தாலும் அண்ணாச்சி போய்விடுவார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே பெண்கள் யாரை எப்படிக் கூப்பிட்டு அழுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.

"கல்யாண வீட்டுல கேட்டா பெருமைக்கு மாத்திச் சொல்லுவாவடே. சண்டையில கேட்டா ஒறவே இல்லம்பாவ. அழுகும்போது மட்டும் எவளும் மொறைய மாத்திச் சொல்லமாட்டா" என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. ஒரு தடவை ஒரு அம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த ராசா" என்று பொதுப்படையாக அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அண்ணாச்சி ஜன்னலில் தலையை நுழைத்து, "ஏளா, ராசான்னா எப்படி? சித்தப்பாவா பெரியப்பாவா?" என்று கேட்டுவிட்டார். அவளும் அழுகையை நிறுத்தி, "தாய்மாமாண்ணே" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாளாம்.

துறைமுகத்துக்குள்ளும் இதே கதைதான். ஒருநாள் ஒரு கன்டெய்னர் கப்பலில் அவசரக் கையெழுத்து வாங்கிவர அவரை அனுப்பினார் முதலாளி. பத்து நிமிஷ வேலை. இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். வெளியே ஆறு லாரி நிற்கிறது, டிரைவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அண்ணாச்சி ஆடி அசைந்து வந்தார். கையெழுத்து வேண்டிய காகிதத்தின் பின்பக்கத்தில், கப்பலின் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆபீசர் ஒருவருடைய மூன்று தலைமுறை இருந்தது. முன்பக்கத்தில் கையெழுத்து இல்லை.

முதலாளி கத்தினார். அண்ணாச்சி அசையவில்லை. "சார், அவன் பேரு குரூஸ் சார். மூஞ்சி அப்படியே மணப்பாட்டு மூஞ்சி. விட்டுட்டு எப்படி சார் வர?"

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணமும் பெட்டிதான். வாலிபத்தில் அவருக்குப் பார்த்த ஏழு பெண்களையும் அவரே தேடிப் பார்த்து, ஏழு பேரும் தங்கை முறை என்று கண்டுபிடித்தார். எட்டாவதாக ஒரு பெண்ணைப் பார்க்க அவர் அம்மாவுக்குத் தெம்பு இல்லை.

இனி ஜெனிட்டா விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெனி எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நங்கூர வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணாச்சிதான் முதலாளியிடம் சொல்லி அவளை வேலைக்குக் கொண்டுவந்தார். கப்பலில் வேலை பார்க்கும் கிங்ஸ்டனுக்கும் அவளுக்கும் நாலு வருஷப் பழக்கம். நாலு வருஷமும் கிங்ஸ்டன் அம்மாவைச் சம்மதிக்கவைக்கவே சரியாகப் போயிற்று. கடைசியில் அந்த அம்மாளும் தலையாட்டி, முதல் ஓலையும் வாசித்தாயிற்று.

"அண்ணாச்சி, எங்க ஓலையையும் நோண்டுவியளோ?" என்று ஜெனி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்கு நோண்டாம வேற யாருக்குளா நோண்டப் போறேன்?" என்று அவரும் சிரித்தார்.

இரண்டாம் ஓலை முடிந்த திங்கட்கிழமை அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை. மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காகிதத்தில் தப்பான கப்பல் பெயரை அடித்தார். என்னவென்று கேட்டதற்கு, "வெயிலு" என்றார்.

செவ்வாய்க்கிழமை கிங்ஸ்டனின் அம்மா வந்தாள். கையில் ஒரு கிலோ மக்ரூன். "எல்லாம் சரியாத்தான இருக்கு? நீங்க ஒரு வார்த்த சொன்னியன்னா மனசு நிம்மதியா மண்டபத்துக்குச் சொல்லிருவேன்" என்றாள். அண்ணாச்சி டப்பாவைத் தொடவில்லை. அந்த அம்மாளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"சொல்லிருங்க" என்றாள்.

"இப்ப ஒங்க மாமனார் வீட்ட பீங்கான் வீடுன்னு சொல்லுதாவ. அது பொறவு வந்த பேரு. அதுக்கு முன்ன அந்தக் குடும்பமும் நங்கூர வீடுதான். கிங்ஸ்டனுக்குத் தாத்தாவப் பெத்தவரு அந்தோனி. ஜெனிக்குத் தாத்தாவப் பெத்தவரு மிக்கேலு. ரெண்டு பேரும் கூடப்பெறந்த அண்ணன் தம்பி." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அண்ணன் தம்பி வழியில் வந்த பையனும் பெண்ணும் எத்தனை தலைமுறை போனாலும் அண்ணன் தங்கை முறைதான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெனி எழுந்து வந்தாள். "நாலு வருசம் என் அண்ணன்கூடயா அண்ணாச்சி சுத்துனேன்?" என்று கேட்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஊரே பேசியது. பங்குச் சாமியார் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, இவ்வளவு தூரத்து உறவுக்குத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு தடையும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். "சட்டம் ஒங்களுக்கு சாமி. எங்களுக்கு ஊரு வாயி இருக்குல்லா. மூணாம் ஓலைய வாசிக்காண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். சாமியார் சனிக்கிழமை வரை பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்.

எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் கோபமாக வந்தது. புதன்கிழமை நேராகவே கேட்டேன். "ஒரு பொய் சொல்லிருக்கலாம்லா? ஒரே ஒரு பொய். யாருக்குத் தெரியப்போவுது?"

"நானும் ரெண்டு நாளா அதத்தான் நெனச்சேன்" என்றார். "வாயில வரமாட்டேங்குடே." மேஜையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அந்தோனி பொண்டாட்டி பேரு ரெஜினா. அவ எந்த வீட்டுக்காரின்னு மட்டும் எங்கிட்ட இல்ல. மூணு பெட்டியில, தெரியல்லன்னு எழுதுனது அந்த ஒரு எடத்துலதான். நான் மொதமொதலா எழுதுன தாளு அது. நாளைக்கு வண்டி எடுத்துட்டு வாரியா? புன்னக்காயல் வர போவணும்."

வியாழக்கிழமை என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். நாற்பது வருஷத்தில் எங்கேயும் சாவு விழாமல் அவர் எடுத்த முதல் லீவு என்று முதலாளி சொன்னார். கொற்கைக்குப் போகும் பாதை வந்தபோது தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். கடல் எங்கேயோ இருந்தது.

"பாண்டியன் காலத்துல இங்கனதாம்டே கப்பல் வந்து நின்னுச்சி. முத்து எல்லாம் இங்க வந்துதான் எறங்கிச்சி. இப்பப் பாரு. கடலே எடம் மாறிப் போயிருக்கு" என்றார். "மனுசன் வீடு மாறமாட்டானா? நான் ஏன் அன்னைக்கு அத நெனச்சிப் பாக்கல்ல?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புன்னைக்காயலில் அவர் தேடிப்போனது ஒரு பழைய குளியாள். சின்ன வயதில் முத்தும் சங்கும் குளித்தவர், தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆழத்தில் முங்கி முங்கிக் காது இரண்டும் அடைத்துப்போயிருந்தது. அதனால் அண்ணாச்சி கத்தினார், பெரியவரும் கத்தினார். இரண்டாவது கேள்விக்குள் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

"நங்கூர வீட்டு அந்தோனியத் தெரியுமா?"

"தெரியாமலா! ஒரே வள்ளத்துலலா போனோம். அவன் முங்குனா நண்டுகூட ஒதுங்கும்லே!"

"மிக்கேலு?"

"அவனும் அதே வள்ளந்தான். அந்தோனி முங்குவான், மிக்கேலு கயிறு பிடிப்பான்."

அண்ணாச்சி பெரியவரின் காதோரம் குனிந்து, இன்னும் பலமாகக் கத்தினார். "யாரு கயிறு பிடிச்சா?"

"மிக்கேலுதாம்லே. வேற எவன் கையிலயும் அந்தோனி கயித்தக் குடுக்கமாட்டான்."

அண்ணாச்சி மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய்த் தண்ணீர் கேட்டு ஓடப் பார்த்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கண் இரண்டும் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏலே ஏரலு, கேளுடே. முங்குதவன் உசுரு மேல கயிறு பிடிச்சிட்டு நிக்கவன் கையில இருக்கு. கீழ இருந்து அசைச்ச ஒடனே இழுக்கணும். கொஞ்சம் அசந்தாலும் ஆளு போச்சி. அதனால கயித்த மச்சான் கையிலதான் குடுப்பாவ. பொண்டாட்டிகூடப் பெறந்தவன் கையில. விட்டுட்டான்னா அவன் தங்கச்சிதான தாலியறுப்பா? அதுக்குப் பயந்துட்டே பிடிச்சிட்டு நிப்பான்."

"அண்ணன் தம்பி பிடிக்கமாட்டானா?"

இதற்குப் பதில் பெரியவரிடமிருந்து வந்தது. எந்தக் கேள்வியும் காதில் விழாத மனிதர், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "அண்ணன் தம்பி கையில எவன்லே குடுப்பான்? பாதி வீட்டுக்கு அவன் பங்காளிலா!"

தெரு முழுவதும் சிரித்தது. அந்தோனி வேம்பாறுக்காரன் என்றும், மிக்கேலின் தங்கை ரெஜினாவைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டதால் அவனையும் எல்லாரும் நங்கூர வீட்டான் என்று கூப்பிட்டார்கள் என்றும் பெரியவர் கத்திச் சொன்னார். மிக்கேலும் அந்தோனியும் அண்ணன் தம்பி இல்லை, மச்சான்மார். அப்படியானால் ஜெனிக்குக் கிங்ஸ்டன் அண்ணன் இல்லை, முறைப்பையன். கடற்கரை முழுவதும் தேடினாலும் இதைவிடப் பொருத்தமான மாப்பிள்ளை கிடைக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை கிங்ஸ்டன் அம்மாவிடம் போய்ச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊரெல்லாம் நாறவச்சிட்டு எங்காதுல மட்டும் மாத்திச் சொன்னா ஆச்சா? மூணாம் ஓலை வாசிக்கையில கோயில்ல, அத்தன பேரு முன்னால சொல்லும். அப்பத்தான் கல்யாணம்" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான். இந்தச் சேதி ஊரில் அவ்வளவு சீக்கிரம் பரவியதற்குக் காரணமே, மூணாம் ஓலை சொன்னால் தப்பாது என்று எல்லாரும் நம்பியதுதான்.

சனிக்கிழமை நானும் முதலாளியும் அவருக்கு வழி சொல்லிக் கொடுத்தோம். "தப்புன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. புதுசா ஒரு தகவல் கெடச்சிருக்குன்னு சொல்லுங்க. கவர்மெண்டே அப்படித்தான் சொல்லுது" என்றார் முதலாளி. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு தாள் தப்பு என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால் மூன்று பெட்டியையும் ஊர் சந்தேகப்படும். அந்த மனிதருக்கு வீடில்லை, வாசலில்லை, பிள்ளை குட்டியில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் சொத்து. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாமல் முன்வரிசை ஆட்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். சாமியார் ஓலையை வாசித்தார். விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். இரண்டாவது வரிசையில் அண்ணாச்சி எழுந்தார். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாமி, விக்கினம் ஒண்ணும் இல்ல" என்றார். "பொண்ணுக்கு அந்தப் பையன் மொறைப்பையன்தான். அந்தோனி கடல்ல முங்க, மிக்கேலு கயிறு பிடிச்சிருக்காரு. மச்சான்மாரு. நாந்தான் அண்ணன் தம்பின்னு எழுதிட்டேன். நாந்தான் தப்பு. என்னால ஒரு பச்சப்புள்ள அஞ்சு நாளு சோறு தண்ணி இல்லாமக் கெடந்துட்டு. எல்லாரும் மன்னிக்கணும்."

பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "அப்போ எம்மவளுக்கு நீரு சொன்னதும் தப்பா ஓய்?" பூசையை நிறுத்திவிட்டுச் சாமியாரே சிரித்துவிட்டார். கிங்ஸ்டன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஜெனி பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. சரக்கு எடுக்க வந்தவர்கள் என்று முதலாளி சந்தோஷமாக எட்டிப் பார்த்தார். எல்லாரும் தங்கள் வீட்டு முறையை மறுபடி சரிபார்க்க வந்தவர்கள். அண்ணாச்சி ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. முதல் தாளிலிருந்து தொடங்கி, கல்யாணத்துக்குள் ஒன்றரைப் பெட்டியைச் சரிபார்த்துவிட்டார். இன்னொரு தப்பு அகப்பட்டது. அதையும் மறைக்காமல், அந்த வீட்டுக்கே போய்ச் சொன்னார். அங்கே இருந்தது எண்பது வயதுத் தாத்தாவும் பாட்டியும். "நீங்க நெனச்சிட்டு இருக்க மாதிரி இவரு ஒங்களுக்கு அத்த மவன் இல்ல, மாமா மவன்" என்றாராம். அந்தப் பாட்டி தாத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இனிமே என்னத்தச் செய்ய?" என்று கேட்டிருக்கிறாள்.

கல்யாணத்தன்று ஜெனி வெள்ளைச் சேலையில் மாதா மாதிரி இருந்தாள். தாலி கட்டி முடிந்ததும் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து. பெண் வீட்டுச் சாட்சியாக அண்ணாச்சிதான் போட வேண்டும் என்று ஜெனி ஒரே பிடியாக நின்றாள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் அவர் முன்னால் போனார். பேனாவைக் கையில் வாங்கும்போது, வேடிக்கைக்காகச் சாமியார் கேட்டார். "எல்லாருக்கும் நீங்க சொல்லுவிய. இன்னைக்கு நான் கேக்கேன். பொண்ணுக்கு நீங்க என்ன முறை?"

நாங்கள் எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல சாமி" என்றார். "மூணு பெட்டியும் தேடிப் பாத்துட்டேன்."

ஜெனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையெழுத்துப் போட முடியாமல் நின்றார். ஊர் முழுக்க உறவு தேடிக் கொடுத்த மனிதர் தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடியது அந்த ஒன்றைத்தான். எங்கேயாவது ஒரு மூலையில், ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பாவாகவாவது அது அகப்பட்டிருக்கக் கூடாதா என்று, முழங்காலிடக்கூடத் தெரியாத ஏரல்காரன் நான் அன்று மாதாவிடம் சண்டை போட்டேன்.